பட்டாளத்துப் பாட்டி கேப்டன் லட்சுமி

நம் தோட்டங்களில் பட்டாளத்துத் தாத்தாக்களின் கதைக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. லயத்துக்கு ஒருவராவது இருந்தார்கள். சுவரில் காக்கிச் சட்டையோடு ஒரு போட்டோ தொங்கும். கோயில் திருவிழாவில் பழைய நினைப்பு வந்துவிட்டால் அந்த மனுசன் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் வைப்பார். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்ட கதைகள் எத்தனையோ. ஆனால் தோழர்களே, பட்டாளத்துப் பாட்டி ஒருத்தியை உட்கார வைத்து நாம் கதை கேட்டிருக்கிறோமா? பாட்டிக்கு ஏது பட்டாளம் என்று சிரிப்போம். இருந்தது. அதுவும் நம் பால்மரக் காட்டிலிருந்து போன பட்டாளம்.

அந்தப் பட்டாளத்துக்குத் தலைமை தாங்கிய பாட்டியைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுத வந்தோம். கேப்டன் லட்சுமி என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். நேதாஜி படத்துக்குப் பக்கத்தில் தொப்பியும் காக்கி உடுப்புமாக நிற்கும் அந்த அம்மாள்தான். 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, வட இந்தியாவில் கான்பூர் நகரத்தில், 97 வயதில் காலமானார். நேதாஜியோடு இருந்தவர் என்பதோடு அவர் கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். நமக்கு அது போதாது. அவர் நடத்திய படையில் பெரும்பாலோர் நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள். ஆகவே அவர் வாழ்க்கையில் பாதி நம் வீட்டுக் கதை.

லட்சுமி பிறந்தது 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி, சென்னைப் பட்டணத்தில். தகப்பனார் சுவாமிநாதன் பேர்போன கிரிமினல் வக்கீல், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் ஐயர். தாயார் அம்மு, மலையாளத்து ஆனக்கரை வடக்கத்து வீட்டு நாயர் குலப் பெண். இந்த அம்மு அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. பிற்காலத்தில் இந்தியாவின் அரசியலமைப்பை எழுதிய சபையில் உட்கார்ந்தவர். 1952 தேர்தலில் திண்டுக்கல்லில் நின்று பாராளுமன்றம் போனவர். பங்களாவும் மோட்டார் வண்டியும் சீமைத் துணியுமாக இருந்த வீடு அது. அம்மு காங்கிரசில் சேர்ந்ததும் பிள்ளைகளின் சீமைச் சட்டைகளெல்லாம் நெருப்புக்குப் போயின. தங்கை மிருணாளினி பெரிய நாட்டியக்காரராகப் பேர் எடுத்தார். அண்ணன் கோவிந்த் வக்கீலானார்.

சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் உண்டு. லட்சுமி அம்மாளே பிற்காலத்தில் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். லீவுக்கு மலையாளத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார். சுற்றியுள்ள காட்டிலிருந்து மலைசாதிக்காரர்கள் வந்து கூவும் சத்தம் கேட்கும். அவர்களைப் பார்ப்பதே தீட்டு என்று பாட்டி நினைத்திருந்தார். ஒரு நாள் லட்சுமி நேரே போய் அவர்களில் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து விளையாட இழுத்து வந்துவிட்டார். பாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேத்தி மசியவில்லை. சாதி பார்த்துத் தண்ணீர்க் குழாயில் சண்டை போட்ட லயங்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தை இங்கே விடாமல் எழுதுகிறோம். இருபது வருசம் கழித்து நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்ததும் அதே கைதான்.

குயின் மேரீஸ் கல்லூரியில் படித்து, பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1938இல் டாக்டரானார். அடுத்த வருசம் பிள்ளைப்பேறு வைத்தியத்திலும் பட்டம் வாங்கி, திருவல்லிக்கேணி பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இடையில் விமானி ஒருவரோடு கல்யாணம் நடந்தது, அது ஒத்துவரவில்லை. 1940இல் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். அங்கே அவர் திறந்த கிளினிக்குக்கு வந்தவர்களில் அதிகம் பேர் இந்தியாவிலிருந்து கூலிவேலைக்கு வந்த ஏழைகள். கையில் காசில்லாத பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பிரசவம் பார்த்தார். சங்கம், படை, அரசியல் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் வைத்தியம்தான். கடைசியிலும் வைத்தியமே என்பதைப் பிறகு சொல்லுவோம்.

அந்தக் காலத்தில் நம் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1930களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. ஒரே உளி, ஒரே வாளி, ஒரே கொசுக்கடி; கூலியில் மட்டும் 10 காசு கட்! வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கேட்ட கோரிக்கைகளில், கூலியோடு, சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒன்று. பெண்பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் ஒன்று. பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள். உயிர்கள் போயின. நாதனை நாடு கடத்தினார்கள். இது நடந்து ஏழெட்டு மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கிவிட்டான். யாரைக் கண்டு நாம் சைக்கிளைவிட்டு இறங்கினோமோ, அந்தத் துரைமார்கள் இரவோடு இரவாக லாரி ஏறி ஓடினதை நம் தாத்தா பாட்டிகள் கண்ணாலே பார்த்தார்கள்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப்பின் வந்த பசியைப் பற்றி நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. கித்தா வாங்க ஆளில்லை, ஆகவே வேலையும் இல்லை. துணி இல்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் பிடித்தார்கள்.

நம் புலாவ் செபாங்குக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா டவுனுக்கு முன்னே ஒரு கிளை ரயில் ஓடியது, 1905இல் போட்டது. ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனான். இன்றைக்கும் மலாக்கா டவுனுக்கு ரயில் இல்லாததற்கு அதுதான் காரணம். இரும்பு போன வழியிலேயே ஆளும் போனார்கள். பர்மாவையும் சயாமையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். அதில் தமிழன் எத்தனை என்று அன்றைக்கு யாரும் பேரேடு வைக்கவில்லை. கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கல்லறையும் பெயர்ப் பலகையும் இருக்கின்றன. நம்மவருக்குக் காடுதான்.

இந்த நேரத்தில்தான் 1943 ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஒரு வாரத்துக்குள் பாடாங் மைதானத்தில் மழையையும் பொருட்படுத்தாமல் கூடிய கூட்டத்தில், ஆண்கள் மட்டும் போதாது, பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்று பேசினார். 1857 புரட்சியில் குதிரைமேல் வாளோடு போரிட்ட ஜான்சி ராணியின் பெயரில் ஒரு பெண்கள் படை அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம். கேட்டவர்களில் பாதிப் பேர் அதை மேடைப் பேச்சு என்றே நினைத்திருப்பார்கள். டாக்டர் லட்சுமி அப்படி நினைக்கவில்லை. வீடு வீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டினார். அவர்களில் ஒருவரும் அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டவர் அல்லர். ஆண் சிப்பாய்களிடமிருந்து கனத்த துப்பாக்கிகளை இரவல் வாங்கிப் பயிற்சி எடுத்து, ஜூலை 12ஆம் தேதி நடந்த பெண்கள் கூட்டத்தில் சேலை கட்டிய கோலத்திலேயே நேதாஜிக்கு ராணுவ மரியாதை செலுத்தினார்கள். அதன் பின் நேதாஜி அவரை அழைத்து மணிக்கணக்கில் பேசினார். படைக்குத் தலைமை ஏற்க முடியுமா என்று கேட்டார். லட்சுமி அங்கேயே ஒப்புக்கொண்டார். மறுநாளே கிளினிக்கை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது அந்த மந்திரிசபையில் இருந்த ஒரே பெண் அவர்தான். மறுநாள் அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்கள் படை முகாம் திறந்தது. ஜப்பான்காரனுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. பெண்களுக்குப் போய் அரிசியும் தோட்டாவும் செலவழிப்பதா என்று முகத்தைச் சுளித்தான். இந்திய சுதந்திரச் சங்கத்தார் தாங்களே இடம் பார்த்துச் சரிசெய்துகொடுத்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள் தோழர்களே. சயாம் ரயில் ரோடு இரண்டு பக்கமும் வந்து முட்டி முடிந்தது 1943 அக்டோபர் 17. பெண்கள் முகாம் திறந்தது அக்டோபர் 22. நடுவில் ஐந்தே நாள்.

எங்கிருந்து வந்தார்கள் அந்தப் பெண்கள்? டவுனில் வசதியாக இருந்த குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜானகி தேவர் வந்தார், 18 வயசு, நேதாஜி கூட்டத்தில் காதிலும் கழுத்திலும் கிடந்த நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தகப்பனாரோடு மல்லுக்கட்டிச் சேர்ந்தவர். ஈப்போவிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக ராசம்மா வந்தார். இவர்களின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. ஆனால் வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். எழுத்து வாசனை அறியாதவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் அதில் பலர். இந்தியா என்றால் அம்மா சொன்ன ஊர்ப்பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

அவர்கள் ஏன் போனார்கள்? நேதாஜியின் பேச்சில் மயங்கிப் போனார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. தேசபக்தி இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத்தில் சோறு இல்லை என்பதும் இருந்தது. ஜப்பான் சிப்பாய் எந்த நேரம் எந்த லயத்துக்குள் நுழைவான் என்ற பயம் இருந்தது. அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பாத வீடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னொன்றும் இருந்தது என்று நாம் நினைக்கிறோம். காலையில் பெரட்டுக்கு நின்று, கங்காணி வாயில் வந்ததையெல்லாம் கேட்டு, துரைக்கு முன்னால் தலையைக் குனிந்தே பழகிய பெண்ணைப் பார்த்து, நீ ஒரு சிப்பாய், நிமிர்ந்து நில் என்று ஒருவர் சொன்னார். அதுவரை யார் சொன்னார்கள்? இதைப் பசிக்குச் சேர்ந்தவர்கள் என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் பசியை அறியாதவர்கள்.

முகாமில் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, கவாத்து, துப்பாக்கி சுடுதல், சனியன் மாதிரி கனக்கும் மூட்டையை முதுகில் சுமந்து நீண்ட நடை. காயம் கட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். சேலையை எடுத்து வைத்துவிட்டுக் கால்சட்டை போட்டார்கள். பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். நம் சனங்களிடம் அன்றைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில்; அதை ரோமன் எழுத்தில் எழுதிப் படிக்க வைத்தார்கள். தன் பெயரை எழுதத் தெரியாமல் வந்த பிள்ளை அங்கேதான் முதல்முதலாகப் பென்சில் பிடித்தது. ஒரே அடுப்பு, ஒரே பந்தி. வக்கீல் மகளும் பால்வெட்டுக்காரி மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேல் சாதி, கீழ் சாதி என்று தனிச் சட்டி கிடையாது. தமிழில் பேசி, உடம்புக்கு முடியாதபோது நாடி பிடித்துப் பார்த்து, அதட்ட வேண்டிய நேரத்தில் அதட்டி நடத்தியவர் லட்சுமி. அவருக்கே அப்போது 29 வயதுதான்.

படையில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் தகராறு உண்டு. ஆயிரம் என்றும் அதற்கு மேலும் சொல்லுவார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஐந்நூறுக்கு உள்ளேதான் என்கிறார்கள். சிங்கப்பூர் தவிர ரங்கூனிலும் முகாம் நடந்தது. எண்ணிக்கை எதுவானாலும், அன்றைய உலகத்தில் பெண்களே நிரம்பிய காலாட்படை என்பது அபூர்வம். அதில் நம் லயத்துப் பிள்ளைகள் நின்றார்கள்.

1944இல் பெண்களைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகிற ரயில் எந்த வழி போகும்? ஜொகூரைக் கடந்து, கிம்மாஸ் தாண்டி, நம் ஸ்டேஷன் வழியாகத்தானே சிரம்பான் போக வேண்டும்! தம்பின் ஸ்டேஷன் என்று அன்றைக்குப் பெயர். இருப்பது நம் புலாவ் செபாங்கில். அந்தப் பெண்கள் ஏறிய வண்டி இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடியது. அப்புறம் கோலாலம்பூர், ஈப்போ, சயாம். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏது பாதை? நம் ஆட்கள் செத்துப் போட்ட அந்தப் பாதைதான். அண்ணன் கிடந்த மண்ணுக்கு மேலே தங்கை துப்பாக்கியோடு ரயிலில் போனாள். அவளுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, இதை எழுதும்போது நமக்குக் கை நடுங்குகிறது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நேதாஜியும் அவர் படையும் ஜப்பானின் துணையோடு நின்றார்கள். அதே ஜப்பான்தான் நம்மவர்களைக் காட்டில் கொன்றது. இந்தியாவை விடுவிக்க வேண்டும் என்கிற அவசரத்தில், மலாயாத் தோட்டத்துக் கூலிக்காரன் மேல் நடந்த அநியாயத்துக்கு எதிராகத் தலைவர்கள் போதுமான அளவுக்குக் குரல் கொடுத்தார்கள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. கேப்டன் லட்சுமியையும் இதில் விலக்கி வைக்க மாட்டோம். அவரை மதிக்கிறோம், ஆகவே இதையும் எழுதுகிறோம். நம் பாட்டன்மார் இரண்டையும் ஒன்றாக அனுபவித்தார்கள். மகனைச் சயாமுக்குப் பறிகொடுத்த அதே மனுசன் நேதாஜி படத்துக்கு மாலை போட்டான். அவனிடம் போய்க் கணக்குக் கேட்க நமக்கு வாய் வராது.

பர்மாவில் மேமியோ என்ற மலை நகரத்தில் லட்சுமி ஆஸ்பத்திரி வேலையில் இறங்கினார். இம்பால் யுத்தம் தோற்றுவிட்டது. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் எலும்பும் தோலுமாக ஆண் சிப்பாய்கள் வந்து விழுந்தார்கள். ஜான்சி ராணிப் படையைக் கடைசிவரை போர்முனைக்கு அனுப்பவில்லை. அதில் பெண்களுக்கு ரொம்ப வருத்தம். ரத்தத்தால் கையெழுத்திட்டு நேதாஜிக்கு மனுக் கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். சுடப் போன கைகள் மருந்து கட்டின. குண்டு வீச்சுக்கு அவர்கள் தப்பவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது நேதாஜி அந்தப் பெண்களை அம்போ என்று விட்டுவிட்டு விமானம் ஏறவில்லை. அவர்களோடு ராத்திரி ராத்திரியாகச் சேற்றில் நடந்தார். திரும்பும் வழியில் ரயிலின் மேல் நடந்த தாக்குதலில் பெண்கள் இருவர் உயிர் இழந்தார்கள்.

லட்சுமி அந்தக் கூட்டத்தில் இல்லை. நோயாளிகளோடு பர்மாக் காட்டிலேயே தங்கிவிட்டவர், 1945இல் பிரிட்டிஷார் கையில் பிடிபட்டார். ஏறக்குறைய ஒரு வருசம் பர்மாவிலேயே காவலில் வைத்திருந்து, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதற்குள் டில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. தளபதிகள் மூவர் மேல் நடந்த விசாரணை இந்தியாவையே கொதிக்க வைத்துவிட்டிருந்தது. அந்த மூவரில் ஒருவர் பிரேம் சேகல். 1947 மார்ச்சில் லாகூரில் அவரை லட்சுமி மணந்தார். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். சேகலுக்கு அங்கே நெசவாலையில் உத்தியோகம்.

பெரிய குடும்பம், பேர், புகழ், படம் எல்லாம் இருந்தது. மந்திரி பதவி கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். அவர் பிரசவம் பார்க்கப் போனார். பிரிவினையில் வீடுவாசல் இழந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் கான்பூருக்கு வந்து குவிந்த நேரம். அவர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, ஆரிய நகரில் சின்னக் கிளினிக் வைத்து, அதிலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். கான்பூர் ஆலைத் தொழிலாளர் நிறைந்த நகரம். ஆலைக்காரன் பெண்டாட்டி, தெருக் கூட்டுகிறவள், இந்து, முஸ்லீம் எல்லாரும் வந்தார்கள். முடிந்தவர்கள் கொஞ்சம் கொடுத்தார்கள், முடியாதவர்கள் சும்மா போனார்கள். புருசன் ஆலை நிர்வாகத்தில், பெண்சாதி தொழிலாளர் பக்கத்தில். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்களோ என்று சங்கக்காரனான நமக்கு ஒரு குறுகுறுப்பு! மூத்த மகள் சுபாஷினி தொழிற்சங்கத் தலைவராகி 1989இல் கான்பூரிலேயே நின்று பாராளுமன்றம் போனார் என்பதிலிருந்து, எந்தப் பேச்சு ஜெயித்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வங்காள அகதிகள் ஓடி வந்தபோது, 56 வயதில், எல்லையோர முகாமுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மருந்து கொடுத்தார். அந்தக் காலத்தில்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981இல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் பிறந்தபோது முன்னணியில் நின்றார். 1984இல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு கான்பூரில் சீக்கியர்களை அடிக்கக் கும்பல் கிளம்பியது. 70 வயசுக் கிழவி தெருவில் இறங்கிக் கும்பலுக்கு எதிரே நின்றார். அதே வருசம் டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஜனங்கள் செத்து விழுந்தபோது வைத்தியக் குழுவோடு அங்கே போனார். 1996இல், பெங்களூரில் உலக அழகிப் போட்டி கூடாது என்று மறியல் செய்து 82 வயதில் கைதானார். அழகிப் போட்டியைப் பற்றி நமக்கு அவ்வளவு கோபம் கிடையாது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வயதில் போலீஸ் லாரியில் ஏறுகிற முழங்காலை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

1998இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது கொடுத்தது. 2002இல் இந்திய ஜனாதிபதி தேர்தல் வந்தது. ஒரு பக்கம் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம். மறுபக்கம் இடதுசாரிகளின் வேட்பாளராக 87 வயது லட்சுமி. போட்டியிட்ட இருவரும் சென்னை ராஜதானியில் பிறந்தவர்கள். நம் ஊர்க் காப்பிக்கடைகளில் யாரை ஆதரிப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கை தட்டினோம். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு. லட்சுமிக்கு 1,07,366. தோற்போம் என்று தெரிந்தே நின்றார். ஊர் ஊராகப் போய் ஏழைகளைப் பற்றிப் பேசக் கிடைத்த மேடை அது அவருக்கு. தேர்தல் முடிந்ததும் மறுபடி கிளினிக்.

2006இல், 90 வயதைத் தாண்டிய பிறகும், காலையில் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பிரசவத்தைப் பார்த்த கை, மகளின் பிரசவத்தையும் பார்த்து, பேத்தியையும் தொட்டுத் தூக்கியது. ஊருக்கே பாட்டி. சொந்தப் பேரன் ஷாத் அலி சினிமாக்காரர். மணிரத்னத்திடம் வேலை கற்று, அலைபாயுதே படத்தை இந்தியில் எடுத்தவர் அவர்தான். 2012 ஜூலை 19ஆம் தேதி பாட்டிக்கு மாரடைப்பு வந்தது. நான்காம் நாள் உயிர் பிரிந்தது. உடம்பை எரிக்கவில்லை. அவர் விருப்பப்படி, கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு, படிக்கிற பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, அந்த ரயிலில் போன நம் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஜானகி ம.இ.கா. தொடங்கிய காலத்திலேயே அதில் உழைத்து, ஆதி நாகப்பனை மணந்து, மேலவை உறுப்பினராகி, 2014இல் காலமானார். ராசம்மா பூபாலன் ஆசிரியையாகிப் பெண் ஆசிரியர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டி, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். அந்த 50 காசு, 40 காசு வித்தியாசத்தை மறக்காத கை அது. தோட்டத்துப் பெண்கள்? வந்த வழியே தோட்டத்துக்குத் திரும்பினார்கள். உடுப்பைக் கழற்றி, பழையபடி உளியை எடுத்து, நிரைக்குப் போனார்கள். 1946, 47இல் மலாயா முழுக்கத் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் கொழுந்துவிட்டு எரிந்தனவே, வேலைநிறுத்தம் என்றால் பெண்கள் முன்வரிசையில் வந்து நின்றார்களே, அந்தத் தைரியம் எங்கே பிறந்தது என்று யாராவது தேடினால் சிலருடைய தடம் அந்த முகாமுக்குப் போய் நிற்கும். ஐ.என்.ஏ.யில் இருந்து வந்து தொழிற்சங்கத் தலைவரான கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதன் பிறகு பட்டாளத்தில் இருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவே நம் சனங்கள் பயந்தார்கள். ஆண்களாவது கள்ளு உள்ளே போனால் சொன்னார்கள். பெண்கள் சொல்லவில்லை. முடியைக் கத்தரித்து, கால்சட்டை போட்டு, ஊர் ஊராகப் போய் வந்தவள் என்றால் கல்யாணச் சந்தையில் என்ன பேச்சு வரும் என்று பெற்றவர்களும் மூடி வைத்தார்கள்.

சங்க வேலையில் சேர்ந்த புதிதில், சந்தா வசூலுக்கு நாம் போன ஒரு லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். வெற்றிலையும் வாயுமாகத் திண்ணையில் இருப்பார். அந்தத் தோட்டத்தில் ஒரு முறை மே தினக் கூட்டம் போட்டோம். கொடி ஏறும்போது எல்லாரும் பாட்டுக்குப் பேசிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பாட்டி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். குதிகாலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, கையைத் தொடையோடு ஒட்டி நின்றார். பார்த்தோம். இது எங்கே பழகினது பாட்டி என்று கேட்கலாம் என்று நினைத்தோம். ரசீது எழுத வேண்டியிருந்தது, மழை வேறு வந்துவிட்டது, அடுத்த முறை கேட்போம் என்று விட்டுவிட்டோம். அடுத்த முறை போனபோது திண்ணை காலி. மருமகளைக் கேட்டோம், ஜப்பான்காரன் காலத்தில் எங்கேயோ ரயிலில் போனதாகச் சொல்லும், நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை என்றார். பிறகு அந்தத் தோட்டமே செம்பனையாகிவிட்டது. லயம் இருந்த இடமும் தெரியவில்லை.

1943இல் 16 வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு 97 வயதுக்கு மேல். உயிரோடு இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் மகள் இருப்பாள், மருமகள் இருப்பாள், பேரன் இருப்பான். புலாவ் செபாங், தம்பின், தெபோங், அலோர் காஜா, ஜாசின் வட்டாரத்தில் யார் வீட்டிலாவது ஒரு பாட்டி முகாமுக்குப் போய் வந்ததாகப் பேச்சு உண்டென்றால், பெயரும் எந்தத் தோட்டம் என்பதும் மட்டும் எழுதியனுப்புங்கள். படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுத வராதவர்கள் சங்கக் கிளைக்கு வந்து சொன்னால் நாமே எழுதிக்கொள்ளுகிறோம். வருகிற அக்டோபர் 22ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேர்ந்தால், கிடைத்த பெயர்களையெல்லாம் அந்த வாரம் இதே பத்தியில் வரிசையாக வெளியிடுவோம்.